கட்டி போய்விட்டது, கால் ஏன் இன்னும் வரவில்லை?

கேள்வி: எனக்கு வயது 48. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் பவர் டேபிள் டெய்லராக வேலை பார்த்தேன். ஒன்றரை வருடத்துக்கு முன் பாதத்தில் மரமரப்பு ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக மேல் வயிறு வரை ஏறியது. முதலில் இடுப்பில் மட்டும் எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு, டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்கள். நடக்கும்போது கால் பின்ன ஆரம்பித்த பிறகு நடுமுதுகில் ஸ்கேன் எடுத்ததில்தான், ஏழாவது முதுகெலும்பு மட்டத்தில் தண்டுவடத்தை ஒரு கட்டி அழுத்துவது தெரிந்தது. ஆபரேஷன் முடிந்து ஏழு வாரம் ஆகிறது. மெனிஞ்சியோமா, புற்றுநோய் இல்லை, முழுவதும் எடுத்தாயிற்று என்றார்கள். ஆனால் இன்னும் வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறேன். பஞ்சு மேல் மிதிப்பது போல இருக்கிறது. மார்புக்குக் கீழே பெல்ட் போட்டு இறுக்கிய மாதிரி ஓர் உணர்வு. காலில் எரிச்சல், ராத்திரியில் கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. ஆபரேஷன் சரியில்லையோ என்று வீட்டுக்காரர் பயப்படுகிறார். மாமியார் ஆறு மாதம் எழுந்திருக்கவே கூடாது என்கிறார். பக்கத்து வீட்டில் எண்ணெய் போட்டு நீவி, ஒத்தடம் கொடுக்க ஆள் இருக்கிறது என்கிறார்கள். மறுபடி மெஷினில் உட்கார முடியுமா? கட்டி திரும்ப வருமா? கம்பெனியில் ஈ.எஸ்.ஐ. உண்டு. இன்னொன்று: யூரின் அடிக்கடி வருகிறது, போனால் கொஞ்சம்தான் போகிறது. அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கடிதத்தின் கடைசி இரண்டு வரியில் போகிற போக்கில் சிறுநீர் பற்றி எழுதியிருக்கிறீர்கள். தண்டுவட நோயாளிகளுக்கு மறுவாழ்வுச் சிகிச்சை தரும் மருத்துவராக, நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கால் மெதுவாகத் தேறினாலும் காத்திருக்கலாம். சிறுநீர்ப்பை விஷயத்தில் அப்படிக் காத்திருக்கக் கூடாது.

பை நிரம்பிவிட்டது என்ற செய்தியும், சுருங்கு என்ற உத்தரவும் தண்டுவடத்தின் வழியாகத்தான் போய்வருகின்றன. அந்த வழி நெடுநாள் அழுத்தப்பட்டிருந்ததால் இரண்டில் ஒன்று நடக்கலாம். பை பாதி நிரம்புவதற்குள்ளேயே அவசரப்பட்டுச் சுருங்கலாம். அல்லது பை சரியாகக் காலியாகாமல் எந்நேரமும் தளும்பிக்கொண்டு, மேலே இருப்பது மட்டும் வெளியேறலாம். உங்களுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும்: அடிக்கடி வரும், கொஞ்சம் போகும். ஆனால் வைத்தியம் நேர் எதிர். அவசரத்தைக் குறைக்கும் மாத்திரையை இரண்டாவது வகைக்காரர் போட்டால் சிறுநீர் அடைத்தே போகும். எனவே மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுவிடாதீர்கள்.

வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். சிறுநீர் கழித்த உடனே அடிவயிற்றில் ஒரு அல்ட்ராசவுண்ட் எடுத்து, எத்தனை மில்லி தேங்கி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். எந்த ஸ்கேன் சென்டரிலும் எடுப்பார்கள். இந்த வாரமே எடுங்கள். கூடவே சிறுநீர்ப் பரிசோதனையும், கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரும். 100 மில்லிக்குக் குறைவாக நின்றால் ஆறுதல். திரும்பத் திரும்ப 200 மில்லிக்கு மேல் நின்றால் கட்டாயம் சிகிச்சை வேண்டும். தேங்கும் சிறுநீரில் கிருமி வளரும். பையின் அழுத்தம் கூடிக்கொண்டே போனால் மேலே சிறுநீரகம் வரை கெடும். இது வலியே இல்லாமல் நடக்கக்கூடியது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தேங்குகிறது என்று தெரிந்தால், மெல்லிய கதீட்டர் குழாயை நீங்களே செருகி, காலி செய்து, உடனே எடுத்துவிடும் முறையைக் கற்றுத்தருவார்கள். நாளுக்கு நாலைந்து முறை செய்ய வேண்டியிருக்கும். கேட்டதும் முகம் சுளிக்காதவர்கள் குறைவு. 1972-இல் ஜாக் லாபிடெஸ் என்ற அமெரிக்கச் சிறுநீரக மருத்துவர் இதைச் சொல்லும்வரை, ஆபரேஷன் தியேட்டர் அளவுக்குக் கிருமி நீக்கினால்தான் குழாய் விட முடியும் என்று மருத்துவர்களே நம்பினார்கள். சோப்புப் போட்டுக் கழுவிய கையும், நேரத்துக்குக் காலியாகும் பையும் இருந்தால் போதும் என்று அவர் காட்டிய பிறகு, தண்டுவடம் பாதித்தவர்களின் சிறுநீரகங்கள் எத்தனையோ காப்பாற்றப்பட்டிருக்கின்றன. ஓடும் மெஷினில் நேர்த்தியாகத் தையல் பிடிக்கும் உங்கள் கைக்கு இது சில நாளில் பழகிவிடும். பலருக்குச் சில மாதங்களில் பை தானாகவே வேலை செய்யத் தொடங்கி, குழாய் தேவைப்படாமலும் போகிறது.

தண்ணீரைக் குறைக்காதீர்கள். ஒன்றரை முதல் இரண்டு லிட்டரைப் பகல் முழுவதும் பிரித்துக் குடியுங்கள். மாலை ஏழு மணிக்கு மேல் மட்டும் அளவாக. தண்ணீர் குறைந்தால் மலமும் இறுகும். இறுகிய மலம் சிறுநீரையும் தடுக்கும், நீங்கள் சொல்லும் கால் இழுப்பையும் கூட்டும். கீரை, பழம், காலையில் சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் கழிவறை என்று ஒரே நேரத்துக்குப் பழக்குங்கள். கொஞ்ச நாளைக்கு வெஸ்டர்ன் டாய்லெட் அல்லது கமோடு நாற்காலிதான். குந்தி உட்கார வேண்டாம்.

இனி, ஆபரேஷன் சரியில்லையோ என்ற பயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதியிருப்பதில் அப்படி நினைக்க ஒன்றுமில்லை. தண்டுவடம் சுண்டுவிரல் தடிமன்தான். மெனிஞ்சியோமா அதைச் சுற்றியுள்ள உறையில் முளைத்து, பல ஆண்டுகள் எடுத்து மெல்ல வளரும்; நடுமுதுகில் வருவதும், நடுவயதைத் தாண்டிய பெண்களுக்கு வருவதும்தான் அதிகம். அது கொஞ்சம் கொஞ்சமாக நெருக்க நெருக்கத் தண்டுவடம் தட்டையாகி, ரத்த ஓட்டம் குறைந்து, நரம்பு இழைகளின் மேலுறை தேய்ந்துவிடுகிறது. அறுவைச் சிகிச்சை செய்வது அந்தப் பாரத்தை இறக்குவது மட்டுமே. கல்லைப் புரட்டிய இடத்தில் வெளுத்துக் கிடக்கும் புல் மறுநாளே பச்சையாகிவிடாது, தண்டுவடமும் அப்படித்தான். மேலுறை மீண்டும் படிய வேண்டும். மிச்சமிருக்கும் வழிகள் வேலையைப் பகிர்ந்துகொள்ளக் கற்க வேண்டும். பெரும்பாலான முன்னேற்றம் முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் தெரியும். ஓராண்டு வரையும் அதற்குப் பிறகும்கூடத் தொடரும். எவ்வளவு தேறும் என்பதை, ஆபரேஷனுக்கு முன் எந்த நிலையில் இருந்தோம் என்பதுதான் பெரிதும் தீர்மானிக்கிறது. நீங்கள் கால் பின்னினாலும் நடந்துகொண்டிருந்தவர். அது உங்கள் பக்கம் இருக்கிற பெரிய பலம்.

தண்டுவடக் கட்டியைக் கண்டுபிடித்து வெற்றிகரமாக எடுத்த முதல் அறுவைச் சிகிச்சை 1887-இல் லண்டனில் நடந்தது. வில்லியம் கவர்ஸ் நோயைக் கணித்தார். விக்டர் ஹார்ஸ்லி அறுவை செய்தார். ஸ்கேனும் இல்லை, ஆன்டிபயாட்டிக்கும் இல்லை. அந்த நோயாளிக்கு இரண்டு காலும் செயலிழந்திருந்தன. அவருக்கும் சக்தி மாதக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் திரும்பியது, மறுபடி நடந்தார். உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள். ஏழு வாரத்தில் வாக்கரோடு வீட்டுக்குள் நடப்பது நல்ல கணக்குதான்.

பஞ்சு மேல் மிதிப்பதாகச் சொன்னீர்களே, அதைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். உங்கள் கஷ்டத்தில் பாதி பலக்குறைவால் வரவில்லை என்று நினைக்கிறேன். கால் எங்கே இருக்கிறது, பாதம் எப்படித் திரும்பியிருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் இழைகள் தண்டுவடத்தின் பின்பக்கமாகப் போகின்றன. அவை பாதிக்கப்பட்டால் கண்தான் அந்த வேலையைச் செய்யும். அதனால்தான் குனிந்து காலைப் பார்த்துக்கொண்டே நடந்தால் சரியாக இருக்கும். முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் தள்ளிவிடும். என்னிடம் வரும் இப்படிப்பட்ட நோயாளிகள் விழுந்த இடங்கள் பெரும்பாலும் வாஷ்பேசின் முன்னாலும், கரண்ட் போன நேரத்திலும்தான். முகம் கழுவும்போது உட்காருங்கள், அல்லது ஒரு கையால் பேசினைப் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை இரவு விளக்கு எரியட்டும். கழலும் ரப்பர் செருப்பு வேண்டாம். பின்பக்கம் வார் உள்ளதாகப் போடுங்கள். மிதியடி, தரைவிரிப்புகளை மடித்து வையுங்கள்.

பலருக்குப் பலம் முன்னால் வரும், இந்த உணர்வு பின்னால் வரும். சிலருக்குக் கொஞ்சம் மரமரப்பு மிஞ்சியும் விடும். இதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் பழக்கிய கால், உணர்வு முழுதாக வராவிட்டாலும் நன்றாகவே நடக்கும். பழக்குவது என்றால் இதுதான்: நாற்காலியில் இருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு எடையை வலக்காலுக்கும் இடக்காலுக்கும் மாற்றுவது, ஒரே ஒரு படியில் ஏறி இறங்குவது, கைப்பிடி பக்கத்திலிருக்க ஒரு காலுக்கு நேர் முன்னால் மறுகால் வைத்து நடப்பது, யாராவது பின்னால் நிற்க, சில விநாடி கண்ணை மூடி நிற்பது. எதை எப்போது சேர்ப்பது என்பதைப் பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்லட்டும். ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்தைவிட, நாளுக்கு மூன்று தடவை பதினைந்து நிமிடம் செய்வதே நல்லது. மறுநாள் காலையில் கால் முந்தைய நாளைவிடக் கனத்திருந்தால் அளவு அதிகமாகிவிட்டது; கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், நிறுத்த வேண்டாம்.

உங்கள் மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார். வெட்டு ஆறும்வரை ஓய்வு சரி. மாதக்கணக்கில் படுத்தே இருந்தால் தசை கரையும், எலும்பு பலமிழக்கும், உணர்ச்சி குறைந்த இடத்தில் படுக்கைப்புண் வரும், காலின் ஆழமான ரத்தக்குழாயில் ரத்தம் உறையும். அந்த உறைகட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அவர் உதவ விரும்பினால், நீங்கள் நடக்கும்போது கூட நிற்கச் சொல்லுங்கள். அதைவிடப் பெரிய உதவி இல்லை.

செய்யக் கூடாதவை உண்டு. மூன்று மாதம் வரை தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், பேரக்குழந்தை எதையும் தரையிலிருந்து தூக்க வேண்டாம். இடுப்பை முறுக்கித் திரும்ப வேண்டாம். படுக்கையில் இருந்து எழும்போது நேராக நிமிராமல், உடம்பு முழுவதையும் ஒருக்களித்துத் திருப்பி, காலைக் கீழே இறக்கிக்கொண்டே கையூன்றி எழுங்கள்.

முதுகை நீவுவதற்கு என் பதில் கண்டிப்பாக வேண்டாம் என்பதே. கட்டியை எடுப்பதற்காக முதுகெலும்பின் பின்பக்க எலும்புத் தகட்டைப் பொதுவாக அகற்றியிருப்பார்கள்; அந்த இடத்தில் தண்டுவடத்துக்குக் கவசம் இல்லை. உள்ளே தைத்த உறையும் இருக்கிறது. ஒத்தடமும் வேண்டாம். சுடுவது உங்களுக்குத் தெரியாது என்பதால் கொப்புளம் வந்த பிறகுதான் பார்ப்பீர்கள். வெந்நீர்ப் பை, கோயில் பிரகாரத்துச் சூடு, பைக்கின் பின்னால் உட்காரும்போது கெண்டைக்காலில் படும் சைலன்சர் எல்லாம் இதே ஆபத்து. குளிக்கும் தண்ணீரைக் காலால் பார்க்காமல் முழங்கையால் தொட்டுப் பாருங்கள். தினமும் இரவு பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். காலில் சருமம் வறண்டிருந்தால் சூடாக்காத தேங்காயெண்ணெயை மெல்லத் தடவலாம். விரலிடுக்கில் மட்டும் ஈரம் தங்கக் கூடாது.

எரிச்சலுக்கும் பெல்ட் போட்ட உணர்வுக்கும் காரணம் நரம்பு. சாதாரண வலி மாத்திரை கேட்காது. அதை வாரக்கணக்கில் விழுங்கி வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கேபபென்டின், பிரிகாபாலின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகளைக் குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவோம். முதல் நாட்களில் தூக்கமும் தள்ளாட்டமும் இருக்கும். அமிட்ரிப்டிலின் சிறுநீர்த் தேக்கத்தைக் கூட்டக்கூடும். எனவே ஸ்கேனில் வந்த மில்லி கணக்கை மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்குங்கள். கால் வெட்டி இழுப்பதற்கு, தூங்கும் முன் கெண்டைக்காலையும் தொடையின் பின்பக்கத்தையும் அரை நிமிடம் அரை நிமிடமாக இழுத்துப் பிடிப்பது உதவும். போதவில்லை என்றால் தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பேக்லோஃபென் மாத்திரை தரலாம். திடீரென்று இழுப்பு கூடினால் உடனே மருந்தைக் கூட்டாதீர்கள். சிறுநீரில் கிருமி, மலச்சிக்கல், நகச்சுற்று ஏதாவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பேக்லோஃபெனையும், ஆபரேஷனுக்குப் பின் ஸ்டீராய்டு மாத்திரை தந்திருந்தால் அதையும் ஒருபோதும் நீங்களாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம்.

கட்டி திரும்ப வருமா என்றால், முழுவதும் எடுத்த முதல் தர (கிரேடு 1, அதாவது சாதுவான வகை) மெனிஞ்சியோமா திரும்புவது அரிது. ஆனால் வந்தால் பல ஆண்டு கழித்தும் வரக்கூடும். பயாப்சி அறிக்கையைக் கேட்டு வாங்கி, எத்தனையாவது தரம் என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பத்திரமாக வையுங்கள். மூன்று மாதம் ஆனதும் ஓர் எம்.ஆர்.ஐ. எடுப்பது வழக்கம், பிறகு வரும் ஸ்கேன்களை அதோடுதான் ஒப்பிடுவார்கள். அப்புறம் சில ஆண்டுகளுக்கு வருடம் ஒருமுறை, பின் இடைவெளி கூடும். சீட்டில் டார்சல் ஸ்பைன், அதாவது நடுமுதுகு, என்று எழுதியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். இடுப்பு ஸ்கேனில் இந்தக் கட்டி தெரியாது. தண்டுவடம் இடுப்புப் பகுதி முதுகெலும்புகள் தொடங்கும் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. உங்களுக்குக் கட்டி அதற்கு மிகவும் மேலே இருந்தது. கால் மரத்து, மேலே ஏறிக்கொண்டே போனால் முதுகையும் கழுத்தையும் பார்க்க வேண்டும் என்பதை இதைப் படிக்கும் மற்றவர்களும் மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

நாளை பார்க்கலாம் என்று தள்ளக் கூடாத சில: தையல் இடம் வீங்குவது அல்லது தெளிந்த நீர் கசிவது, எழுந்து உட்கார்ந்தால் வந்து, படுத்தால் குறையும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல், சிறுநீர் முழுவதும் நின்றுபோவது, நேற்று தூக்க முடிந்த காலை இன்று தூக்க முடியாமல் போவது. எந்த நேரமானாலும் புறப்பட்டுவிடுங்கள்.

பயிற்சிக்கு ஆள் கிடைப்பதுதான் ஊர்ப்பக்கம் பெரிய கஷ்டம். 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். உங்கள் பகுதி நகர்ப்புற சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுங்கள். மூன்று மாதத்தில் வாக்கரை விட முடியவில்லை என்றால், உள்ளே தங்கிப் பயிற்சி பெறும் இடம் ஒன்றுக்குச் சில வாரம் போவது நல்லது. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையம் 1966-இல் தொடங்கியது. அதற்குக் காரணமாக இருந்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் சாலை விபத்தில் இரண்டு காலும் செயலிழந்த பிறகு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தவர். தென்காசி அருகே ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கமும் தண்டுவடம் பாதித்தவர்களுக்குப் பயிற்சி தருகிறது. சென்னையில் கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது.

மெஷினில் உட்காருவதற்குத் தேதி சொல்வதைவிட, உங்களுக்கே தெரியும்படி அளவு சொல்கிறேன். முதுகு வலிக்காமல் முக்கால் மணி நேரம் நாற்காலியில் இருக்க முடிய வேண்டும். பிறகு காலைப் பார்க்காமல், வீட்டுத் தரையில் ஒரு பலகையை பெடல் போல வைத்து, பாதி, முழுசு, நிறுத்து என்று அழுத்தத்தை மாற்றிப் பழகுங்கள். உங்கள் கண் துணி மேல்தான் இருக்க வேண்டும் என்பதால், பாதம் கண்ணின் உதவியில்லாமல் இதைச் செய்தாக வேண்டும். அது கைவந்த பிறகே பவர் டேபிள். அப்போதும் சர்வோ மோட்டார் உள்ள மெஷினில் வேகத்தைக் குறைத்து வைத்துத் தொடங்குங்கள். அதுவரை செக்கிங், பிசிறு வெட்டுவது போன்ற உட்கார்ந்த வேலைக்கு மாற்றித்தரும்படி கம்பெனியில் கேட்கலாம். எதைச் செய்யலாம், எதைக் கூடாது என்று உங்கள் மருத்துவரிடம் சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அவசரப்பட்டு வேலைக்குத் திரும்பும் நிலை பணத்தால் வரக் கூடாது. ஈ.எஸ்.ஐ.யில் சாதாரண நோய்க்கால உதவி, கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதற்கு மேல் நீண்டகால நோய்களுக்கென்று தனிப் பட்டியல் இருக்கிறது. தண்டுவட அழுத்தம் அதில் உண்டு. தொடர்ந்து இரண்டு ஆண்டு வேலையில் இருந்து, சந்தாவும் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால், 80 சதவீதம் வீதத்தில் இரண்டு ஆண்டு வரை இதை நீட்டிக்க இடமிருக்கிறது. டிஸ்சார்ஜ் சீட்டு, ஆபரேஷன் குறிப்பு, பயாப்சி அறிக்கை மூன்றின் நகலோடு உங்கள் வீட்டுக்காரரை ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்கு அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். மருத்துவச் சான்றிதழ்களில் ஒரு நாள்கூட இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.